நூறு வயசுப் பொருளுக்கு இரண்டு காகிதம்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள், அந்தக் கல்யாண மண்டபத்தின் முன்னால் கொஞ்ச நேரமாவது நின்றிருப்பார்கள். பின்னங்காலில் எழும்பி நிற்கும் யாளி, குதிரைமேல் வீரன், தூணுக்குத் தூண் மாறும் வேலைப்பாடு. அங்கே நின்றால் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்: "வெள்ளைக்காரன் இதைப் பார்த்து மயங்கிட்டான். கல் கல்லா பிரிச்சு லண்டனுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டான். அதை ஏத்திக்கிட்டுப் போக வந்த கப்பல் வழியிலேயே முழுகிடுச்சு. அதனாலதான் மண்டபம் தப்பிச்சுது."

சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். நான் சோளிங்கர்க்காரன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் சில வருஷம் டாக்குமெண்டேஷன் வேலை பார்த்தவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் என்று நாள் முழுக்கக் காகிதத்தோடு இருந்த பழக்கத்தால், இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு வருகிற முதல் கேள்வி: பேப்பர் எங்கே?

கதையில் கப்பலுக்குப் பெயர் கிடையாது. வருஷம் கிடையாது. அனுப்பச் சொன்ன அதிகாரியின் பெயரும் கிடையாது. ஆகவே இதை வரலாறு என்று சொல்ல முடியாது, ஊர் வழக்கு என்றுதான் சொல்லணும். ஆனால் ஊர் வழக்கு என்பதாலேயே தள்ளிவிடவும் வேண்டாம். அப்படி ஒரு காரியம் அந்தக் காலத்தில் நடக்கக்கூடியதா என்று பார்த்தால், நன்றாகவே நடக்கக்கூடியது.

கணக்குப் போட்டுப் பாருங்க. கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். பத்தடி உயரம், இரண்டடிக்கு இரண்டடி கனம் உள்ள ஒரு தூண் என்றால் சுமார் மூன்று டன். வேலூரிலிருந்து சென்னைக்கு மாட்டுவண்டிப் பாதை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்ததே 1856இல்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அது, எங்கள் சோளிங்கர் ஸ்டேஷன் இருப்பதும் அந்தத் தடத்தில்தான். அப்படிக் கஷ்டப்பட்டு சென்னைக்குக் கொண்டுபோனாலும் அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசுலா படகில் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றணும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் கல் போயிருக்கிறது. அமராவதி ஸ்தூபியின் சிற்பப் பலகைகளை வால்ட்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்து சென்னைக்கு அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் பலகைகள் 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்றைக்கு அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆக, கல் கனம் என்பதோ, கடல் ஆழம் என்பதோ யாரையும் தடுத்துவிடவில்லை.

வேலூர் மண்டபம் போகவில்லை. ஆனால் வேறொரு மண்டபம் போனது, மதுரையிலிருந்து. அதற்குப் பெயர், வருஷம், வாங்கியவர் எல்லாமே இருக்கிறது.

மதுரையிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண் 1912இல் மதுரைக்கு வந்தார். மதன கோபால சுவாமி கோயில் வளாகத்தில் வேலைப்பாடுள்ள கருங்கல் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. தூண்கள், தூணோடு ஒட்டிய ஆளுயரச் சிற்பங்கள், போதிகைகள். 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வேலை. அறுபதுக்கும் மேற்பட்ட அந்தக் கற்களை அவர் விலைக்கு வாங்கினார். ஒரு தனிமனுஷி, தன் சொந்தப் பணத்தில், ஒரு மண்டபத்தையே வாங்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்.

அதை அவர் ஒரு மண்டபமாக நிறுத்திப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. முதல் உலகப் போரின்போது பிரான்சில் மருத்துவமனைப் பணிக்குப் போனவர், 1919இல் அங்கேயே இறந்துபோனார். அதே வருஷம் குடும்பத்தார் அவர் நினைவாகக் கற்களை ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சமஸ்கிருத அறிஞர் நார்மன் பிரவுன் இதைப் பற்றி 1940இல் தனிப் புத்தகமே எழுதினார். இன்றைக்கும் அங்கே போனால் மண்டபத்துக்குள் நடக்கலாம்.

இது திருட்டா? இந்தக் கேள்வியை நண்பர்கள் உடனே கேட்பார்கள். அவசரப்படாமல் அன்றைய சட்டத்தைப் பார்ப்போம். 1904இல் கர்சன் காலத்தில் பண்டைய நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் 17ஆம் பிரிவு, பழம்பொருட்கள் வெளியே போவது நாட்டுக்குக் கேடு என்று அரசு நினைத்தால், அறிவிக்கை போட்டு அதைத் தடுக்கலாம் என்றது. கவனிங்க, "தடுக்கலாம்". பொதுவான தடை இல்லை. கதவு வைத்தார்கள், பூட்டுப் போடவில்லை. வாங்கினோம், ரசீது இருக்கிறது, அனுப்பினோம் என்றால் கேட்பாரில்லை.

அந்தப் பக்கம் அமெரிக்காவில் என்ன நிலைமை? அங்கே 1909இல் ஒரு புது சுங்கவரிச் சட்டம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழமையான கலைப்பொருட்களை வரியில்லாமல் உள்ளே விடலாம் என்றது. பணக்காரச் சேகரிப்பாளர்கள் ஐரோப்பாவில் வாங்கி வைத்திருந்ததெல்லாம் ஊருக்கு வரட்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. மதுரைக் கற்களுக்கு அப்போது சுமார் 350 வயது.

இங்கே "நூறு" என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. இந்தக் கட்டுரையே அந்த எண்ணைப் பற்றியதுதான்.

ஒரே எண், இரண்டு கதவு

சுதந்திரம் வந்த 1947இலேயே பழம்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று போட்டார்கள். அதன்பின் லைசென்ஸ் இல்லாமல் பழம்பொருள் வெளியே போகக்கூடாது. "1972க்கு முன்னாடி எதை வேணா எடுத்துட்டுப் போகலாம்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. 1972இல் வந்தது அதைவிடக் கடுமையான சட்டம்: தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5. நூறு வருஷம் ஆன சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எதுவானாலும் தொல்பொருள். ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு 75 வருஷமே போதும். இவற்றைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்யக்கூடாது. மத்திய அரசோ, அது அனுமதித்த அமைப்போதான் அனுப்பலாம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்க. வாங்குகிற நாட்டில் நூறு வயசு ஆகியிருந்தால் வரி கிடையாது, வாசல் திறக்கும். அனுப்புகிற நாட்டில் நூறு வயசு ஆகியிருந்தால் வாசல் மூடும். உலகம் முழுக்கப் பயன்படுகிற சுங்க அட்டவணையிலும், 97ஆம் அத்தியாயத்தில், "நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருட்கள்" என்று தனி எண்ணே இருக்கிறது. அதே எண் ஒரு பக்கம் சலுகை, இன்னொரு பக்கம் தடை.

கடத்தல்காரனுக்கு வேலை கிடைப்பது இந்த இடைவெளியில்தான். அவனுக்கு அந்தப் பொருள் இங்கே புதுசாக இருக்கணும், அங்கே பழசாக இருக்கணும். ஆகவே இரண்டு காகிதம் வேண்டும்.

தோல் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே ஆட்டுத்தோல்தான். ஷிப்பிங் பில்லில் சரக்கு விவரம் என்ற கட்டத்தில் "கிரஸ்ட்" என்று எழுதினால் ஒரு விதி, "ஃபினிஷ்டு" என்று எழுதினால் வேறு விதி என்று வெகுகாலம் இருந்தது. சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி சாம்பிள் எடுத்து அடையாறு சி.எல்.ஆர்.ஐ.க்கு அனுப்புவார். அந்தக் கட்டத்தில் எழுதுகிற இரண்டு வார்த்தையில்தான் லாபமும் நஷ்டமும். அதனால் எங்க பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கட்டத்தின் மேல் எப்போதும் ஒரு பயம் உண்டு. தோலுக்குப் பரிசோதனைக் கூடம் இருந்தது. சிலைக்கு?

ஸ்ரீபுரந்தான் நடராஜர்

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில், பூசையில்லாமல் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஐம்பொன் சிலைகள். 2006 வாக்கில் அவை திருடு போயின. பூட்டிய கதவு பூட்டியபடியே தெரிந்ததால் ஊருக்கே விஷயம் தெரியவில்லை. சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று 2008இல் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

அதே 2008இல், கான்பெராவில் இருக்கிற ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரின் கடையிலிருந்து ஒரு சோழர் காலத்து நடராஜரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நாலடிக்கு மேல் உயரம், திருவாசியோடு. அதுதான் ஸ்ரீபுரந்தான் நடராஜர்.

இவ்வளவு பெரிய சிலை எப்படிக் கப்பலேறுகிறது? ஒளித்து வைத்துக் கொண்டுபோனார்கள் என்று நினைப்போம். அப்படியில்லை. இந்தக் கூட்டத்தின் சரக்குகள் பட்டப்பகலில், ஷிப்பிங் பில்லோடு, "கைவினைப் பொருட்கள்" என்ற பெயரில் போயின. சுவாமிமலைப் பக்கம் வார்க்கிற புது விக்கிரகங்கள் நியாயமாகவே அந்தப் பெயரில்தான் ஏற்றுமதி ஆகின்றன. அந்த நல்ல பெயருக்குப் பின்னால் இவர்கள் ஒளிந்துகொண்டார்கள். 2007 தொடக்கத்தில் இந்தியத் தூதரக அலுவலகம் ஒரு சரக்கைப் பற்றி அமெரிக்க அதிகாரிகளை உஷார்படுத்தியது. கபூரின் நிறுவனத்துக்கு வந்த ஏழு மரப்பெட்டிகள். காகிதத்தில் இருந்த விவரம்: பளிங்குத் தோட்ட மேசைகள். விசாரணை தொடங்கிய புள்ளிகளில் அது ஒன்று.

இது முதல் காகிதம். இதன்படி பொருள் புதுசு, விலை சொற்பம்.

இரண்டாவது காகிதம் கான்பெராவுக்குக் காட்டியது. அதன்படி நடராஜர் சோழர் காலத்தவர்தான், ஆனால் 1970 வாக்கிலேயே ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி டெல்லியில் வாங்கி, 1972 சட்டத்துக்கு முன்பே நாட்டைவிட்டுப் போய்விட்டவர். தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. 1947 சட்டப்படி ஏற்றுமதி லைசென்ஸ் எங்கே என்று அன்றைக்கு யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் அந்தக் காகிதம் அங்கேயே கிழிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியில் அதைக் கிழித்தது ஒரு போட்டோ. புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருஷமாகத் தமிழ்நாட்டுக் கோயில்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வந்தது. 1994இல் எடுத்த ஒரு படத்தில் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் அதே நடராஜர் நிற்கிறார். 1970இல் நாட்டைவிட்டுப் போனவர் 1994இல் எப்படி ஊர்க் கோயிலில் நிற்பார்?

பிறகு நடந்தது எல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டார், 2012 ஜூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் கடையின் மேலாளர் 2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நடராஜரை டெல்லியில் கொண்டுவந்து ஒப்படைத்தார். கூடவே விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். உடையார்பாளையம் பக்கத்து வரதராஜப் பெருமாள் கோயில் சிலைகள் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து வருஷத் தண்டனை கொடுத்தது.

இந்த வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கடல் கடந்து போன ஒரு பொருளின் வரலாற்றை எழுதணும் என்றால் ஒரு காகிதத்தைப் படித்தால் போதாது. புறப்பட்ட இடத்துக் காகிதம், போய்ச் சேர்ந்த இடத்துக் காகிதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். இரண்டிலும் வயசு ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் நடுவில் கடலில் ஏதோ நடந்திருக்கிறது.

நம்ம வீட்டு ஊஞ்சல்

சிலை, மண்டபம் எல்லாம் நமக்கெதற்கு என்று விட்டுவிட முடியாது. இந்தச் சட்டம் கோயிலோடு நிற்பதில்லை, நம்ம வீட்டுக்குள்ளும் வருகிறது. சோளிங்கர், வாலாஜா, ஆம்பூர் என்று எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. ஊரில் வீட்டை விற்கிறார்கள். தாத்தா காலத்து ஊஞ்சல், பித்தளைப் பூண் போட்ட பெட்டகம், செதுக்கிய நிலைக்கதவு இருக்கும். "இதையாவது அனுப்புங்கப்பா, இங்க மாட்டிக்கிறோம்" என்று போனில் கேட்பார்கள். பழைய வேலையின் புண்ணியத்தில் என்னிடமும் சிலர் விசாரிப்பதுண்டு. பொதுவாகச் சொல்லக்கூடியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வயசு. நூறு வருஷம் ஆன வேலைப்பாடுள்ள மரச்சாமான் "கைவினை" என்ற வகையில் தொல்பொருள் ஆகிவிடலாம். கோயில் சொத்தாக இருக்கணும் என்று அவசியமில்லை, உங்கள் சொந்தச் சொத்தானாலும் சட்டம் சட்டம்தான். இப்போது 1926க்கு முன் செய்தது என்றால் அந்தக் கணக்கில் வந்துவிடும். கொள்ளுத்தாத்தா கல்யாணத்துக்குச் செய்த ஊஞ்சல் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமையே தடை ஆகும். அவ்வளவு பழசு இல்லை என்றால் அதை நிரூபிக்கணும். இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் போட்டோவோடு விண்ணப்பம் கொடுத்து, பொருளைக் காட்டி, "இது தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் வாங்கலாம். முடிவு சொல்கிற அதிகாரம் அவர்களுக்குத்தான், சுங்க ஏஜெண்டுக்கு இல்லை.

இரண்டாவது மரம். தேக்கு என்றால் ஒரு மாதிரி. ஈட்டி, அதாவது தோதகத்தி என்றால் வேறு மாதிரி. 2017 ஜனவரியிலிருந்து அந்த மரம் சைட்டீஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஒரு அனுப்புதலில் பத்து கிலோவுக்கு மேல் போனால் அதற்கான காகிதம் தனியாக வேண்டும். ஈட்டி மர ஊஞ்சல் பலகை பத்து கிலோவில் நிற்காது.

மூன்றாவது பெட்டி. ஊஞ்சலைச் சுற்றி அடிக்கிற பேக்கிங் மரத்துக்கும் விதி உண்டு. பூச்சி போகாமலிருக்க, மரத்தின் உள்வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்தோ, புகை போட்டோ, முத்திரை குத்தியிருக்கணும். தோல் கம்பெனி பேலட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை பார்த்திருப்பீர்கள், அதுதான். தெருக்கோடி ஆசாரி அடித்த பெட்டியில் அது இருக்காது.

நாலாவது அந்தக் கட்டம். சரக்கு விவரம். ஏஜெண்ட் சில பேர் "பழசுன்னு எழுதாதீங்க சார், ஹேண்டிகிராஃப்ட்னு போட்டுடலாம், சுலபமா போயிடும்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதாக இருக்காது. ஆனால் கையெழுத்து உங்களுடையது. அந்த ஒரு வார்த்தைதான் ஏழு மரப்பெட்டிகளைத் தோட்ட மேசை ஆக்கியது. பாட்டன் செய்ததைப் புதுசு என்று எழுதி அனுப்புவதைவிட, அனுப்பாமல் இங்கேயே சொந்தத்தில் யார் வீட்டிலாவது மாட்டுவது மேல்.

கடைசியாக ஒன்று. வேலூர்க் கோயிலில் 1981 வரை நெடுங்காலம் பூசை நடக்கவில்லை. பல நூற்றாண்டு மூலவர் இல்லாமல் இருந்த கோயிலில் அந்த வருஷம்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். பூசையில்லாத அந்தக் காலம் முழுக்க மண்டபம் நின்றது. ஸ்ரீபுரந்தானிலும் பூசையில்லை, அங்கே சிலைகள் நிற்கவில்லை. நடராஜர் திரும்பி வந்தது, யாரோ ஒருவர் 1994இல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த இருட்டுக் கோயிலுக்குள் போனதால்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற சின்னக் கோயில் இருந்தால், உரிய ஆட்களின் அனுமதியோடு, உள்ளே இருப்பதைப் படமெடுத்துத் தேதி போட்டு வையுங்க. உயரம் எவ்வளவு, எந்தக் கை உடைந்திருக்கிறது, பீடத்தில் எழுத்து இருக்கிறதா என்று நாலு வரி எழுதுங்க. வீட்டுப் பொருளுக்கும் அப்படியே. ஷிப்பிங் பில்லில் யார் என்ன எழுதினாலும், அதற்கு எதிரே வைக்க நம்ம கையில் ஒரு காகிதம் இருக்கணும்.